தொண்டைக்கு எபிரேயத்தில் ஒரு சொல்

எங்கள் பழைய ஆப்பரேஷன் தியேட்டரில் இப்போது ஒரு சின்னத் திரை வைத்திருக்கிறார்கள். நோயாளியின் வாய்க்குள் விடும் கருவியின் நுனியில் கேமரா இருக்கிறது. குரல்வளை வரைக்கும் எல்லாம் பளிச்சென்று திரையில் தெரிகிறது. போன மாதம் பென்ஷன் சம்பந்தமாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இப்போது அங்கே வேலை பார்க்கிறவர்கள் அதை எனக்குப் போட்டுக் காட்டினார்கள். அதில் ஒரு பெண், "இதெல்லாம் இல்லாம எப்படி சார் சமாளிச்சீங்க? உங்க காலத்து ஆளுங்களுக்கெல்லாம் தைரியம் ஜாஸ்தி," என்றது. சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் ஊர் ஐயம்பேட்டைக்கு பஸ்ஸில் வரும்போது அந்தப் பேச்சு உறுத்திக்கொண்டே வந்தது. தைரியம் என்று ஒன்று என்னிடம் ஒரு நாளும் இருந்ததில்லை. முப்பத்தோரு வருஷம் மயக்க மருந்து டெக்னீஷியனாக இருந்தேன். முப்பத்தோரு வருஷமும் பயந்துகொண்டுதான் இருந்தேன். அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் வந்ததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு தறி. அப்பாவும் அண்ணனும் நெய்தார்கள். நான் சென்னைக்குப் போய் இரண்டு வருஷம் படித்தேன். படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. படம் பார்த்து எழுதினோம், ரப்பர் பொம்மையின் வாயில் டியூப் விட்டுப் பழகினோம். பொம்மைக்கு மூச்சு தேவையில்லை. அந்த ஒரு வித்தியாசம் எனக்குக் காஞ்சிபுரத்துக்கு வந்து வேலையில் சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய ஆப்பரேஷன் என்றால் முதலில் ஊசி போட்டுத் தூங்க வைப்பார்கள். பிறகு உடம்பைத் தளர்த்த இன்னொரு ஊசி. அது போட்டதும் நோயாளியின் சொந்த மூச்சு நின்றுவிடும். அப்போது மயக்க மருந்து டாக்டர் ஒரு விளக்குக் கருவியை வாய்க்குள் வைத்து, வழியைப் பார்த்து, மூச்சுக்குழாய்க்குள் டியூபை விட்டு மெஷினோடு இணைக்க வேண்டும். அதற்கு இருப்பது சில நிமிஷங்கள்தான். டாக்டர் கையை நீட்டும்போது வேண்டிய சாமான் அந்தக் கையில் இருக்க வேண்டும். அதுதான் என் வேலை.

எங்கள் மயக்க மருந்து டாக்டர் ஹெலன் மேடம். ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி. துப்புரவுப் பணியாளர் முதல் சூப்பிரண்டெண்ட் வரை எல்லோரையும் 'நீங்க' என்றுதான் சொல்வார். மேடத்திடம் ஒரு வினோதம் உண்டு. ஆபத்து கூடக் கூட அவர் குரல் இறங்கும். மற்ற டாக்டர்கள் கத்துகிற நேரத்தில் மேடம் கிட்டத்தட்ட ரகசியம் பேசுவார். அவர் குரல் தாழ்ந்தால் நாங்கள் எல்லோரும் டேபிளுக்குப் பக்கத்தில் வந்துவிடுவோம்.

இன்னொன்று. நோயாளிக்கு ஊசி போடுவதற்கு முன்னால் அவர் மாஸ்க் ஒருமுறை அசையும். உள்ளே உதடு எதையோ சொல்லும். தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. ஆப்பரேஷன் டாக்டர் வரத் தாமதமானால் ஒரு சின்ன நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு படிப்பார். அந்த எழுத்து கட்டம் கட்டமாக, புள்ளி வைத்து, வலது பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும். "என்னம்மா அது?" என்று ஒரு சிஸ்டர் கேட்டபோது, "சங்கீதம்" என்றார். மேடத்துக்குப் பாட்டு கற்றுக்கொள்ள ஆசை போலிருக்கிறது, ஸ்வரம் எழுதி வைத்திருக்கிறார் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கிறிஸ்தவர்கள் வேதத்தில் சங்கீதம் என்று ஒரு பகுதி இருக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

நான் வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருஷம் அந்தக் காரியம் நடந்தது.

முசரவாக்கத்திலிருந்து ஒரு அம்மா, பித்தப்பை ஆப்பரேஷனுக்கு வந்திருந்தார். காலையில் சாமான் டிராலியைச் சரிபார்க்கும் பட்டியலில் எல்லாவற்றுக்கும் நேராக டிக் போட்டேன். போட்டேனே தவிர, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கவில்லை. நேற்று எரிந்த விளக்கு இன்றைக்கும் எரியும் என்ற நினைப்பு. அந்த அம்மாவுக்கு இரண்டு ஊசியும் போட்டாகிவிட்டது. மூச்சு நின்றுவிட்டது. மேடம் கருவியை வாய்க்குள் வைத்துக் குனிந்தார். விளக்கு ஒருமுறை மினுக்கி அணைந்தது.

மேடம் நிமிராமலே இடது கையை நீட்டினார். உபரியாக வைத்திருந்த இரண்டாவது கருவியைக் கொடுத்தேன். அதுவும் எரியவில்லை.

"சேகர்," என்றார். எனக்கே காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கிற குரல். "பேட்டரி மாத்துங்க. நான் மாஸ்க் வெச்சு காத்து குடுத்துக்கிட்டு இருக்கேன். அவங்களுக்கு ஒண்ணும் ஆகலை. நீங்க மாத்துங்க."

பழைய பேட்டரி வெளியே வரவே மாட்டேன் என்றது. புதியது விரலிலிருந்து நழுவி டேபிளுக்கு அடியில் உருண்டு போனது. நான் தரையில் மண்டியிட்டுத் துழாவுகிறேன். மேலே மேடம் காற்றுப் பையை அமுக்கும் சத்தம் மட்டும் ஒரே சீராகக் கேட்கிறது. அந்த அம்மாவின் கை டேபிள் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் மருதாணி. அந்தக் கை குளிர்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கக்கூட எனக்குத் துணிவில்லை.

ஒன்றும் ஆகவில்லை. பேட்டரி கிடைத்தது, டியூப் போனது, ஆப்பரேஷன் முடிந்தது. அந்த அம்மா ஐந்தாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார். எனக்குத்தான் ஆனது.

மேடம் திட்டவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு டிராலிக்கு எதிரில் வந்து நின்றார். "ஒண்ணொண்ணா எடுத்து, வாய்விட்டுச் சொல்லுங்க," என்றார். எடுத்தேன், எரிய வைத்தேன், சொன்னேன். விளக்கு ஒன்று எரிகிறது. விளக்கு இரண்டு எரிகிறது. டியூப் ஏழாம் நம்பர், நுனியிலுள்ள பலூன் ஊதிப் பார்த்தாயிற்று, கசியவில்லை. சக்‌ஷன் இழுக்கிறது. ஆக்சிஜன் சிலிண்டர் நிறைந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். அவர் கேட்பார், நான் சொல்வேன்.

ஆனால் பயம் டிராலியோடு நிற்கவில்லை. ஷேர் ஆட்டோவில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் கழுத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். இவருக்குக் கழுத்து குட்டை, டியூப் போகாது. அந்தப் பொண்ணுக்கு முகவாய் உள்ளே இழுத்திருக்குது, கஷ்டம். இந்தப் பெரியவருக்கு முன்பல் துருத்திக்கினு இருக்குது, கருவி இடிக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லோரும் சாப்பிடும்போது நான் தொண்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். என் குழந்தை கொட்டாவி விட்டால் வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளந்தேன். பரிசோதித்த விளக்கையே பத்து தடவை பரிசோதித்தேன். தியேட்டருக்குள் போனால் சட்டை நனைந்துவிடும். என் மனைவி, "உங்கப்பா கூட தறியில குந்திக்கோயேன், எதுக்கு இந்த அவஸ்தை?" என்றாள்.

ஒரு மத்தியானம் ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். படித்தார். மடித்து மேசை மேல் வைத்தார்.

"பயமா இருக்குதா?"

"ஆமா மேடம். இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா நான் செத்துடுவேன்."

"எனக்கும் இருக்குது," என்றார். "இருபது வருஷமா இருக்குது. நீங்க வர்றதுக்கு முன்னாடி, வேற ஊர்ல, ஒருத்தர் என் கையிலயே போயிட்டாரு. வழி தெரியலை. எவ்வளவு பார்த்தும் வழி தெரியலை. அவர் வீட்டுக்காரங்க கிட்ட நான்தான் போய்ச் சொன்னேன்."

மேடம் அந்தச் சின்ன நோட்டை எடுத்துத் திறந்தார். அவருடைய அப்பா போதகராக இருந்தவராம். எபிரேய மொழி படித்தவர். அவர் எழுதி வைத்துப் போன நோட்டு அது. சங்கீதங்களில் வரும் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழில் விளக்கம்.

"அந்த ஆள் போனதுக்கு அப்புறம் எனக்கு ஜெபம் வரலை சேகர். சின்ன வயசுலேர்ந்து மனப்பாடமாத் தெரிஞ்சது ஒண்ணும் உள்ள எறங்கலை. சும்மா இதைப் புரட்டிக்கிட்டு இருந்தேன். இந்தச் சொல்லைப் பாருங்க. நெஃபெஷ். தமிழ் வேதத்துல இது வர்ற இடத்துலல்லாம் ஆத்துமான்னு போட்டிருக்கும். ஆத்துமா தாகமா இருக்குது, வெள்ளம் ஆத்துமா வரைக்கும் வந்துடுச்சு, அப்படியெல்லாம் வரும். நான் யோசிச்சதே இல்ல. ஆத்துமாவுக்கு எப்படி தாகம் எடுக்கும்? வெள்ளம் எப்படி ஆத்துமா வரைக்கும் ஏறும்?"

"எப்படி மேடம்?"

"அந்தச் சொல்லுக்கு ஆதியில தொண்டைன்னுதான் அர்த்தம்னு அப்பா எழுதியிருக்காரு." விரலைத் தன் கழுத்துக் குழியில் வைத்துக் காட்டினார். "தொண்டை. அதுல போற மூச்சு. மூச்சு இருக்கிறதால உயிர். அப்புறம்தான் ஆத்துமா. தண்ணி கழுத்து வரைக்கும் வந்துடுச்சு, முழுகப் போறேன்னு ஒருத்தன் கத்துறான். அதை நாங்க ஞாயித்துக்கிழமை நிதானமா ராகம் போட்டுப் படிச்சுக்கிட்டு இருந்திருக்கோம்."

இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். "இது ட்ஸார். துன்பம்னு சொல்லுவாங்க. நேரான அர்த்தம் குறுகலான இடம். இது மெர்ஹாவ். அகலமான வெளி. குறுகல்ல மாட்டிக்கிட்டுக் கூப்பிட்டேன், நீ அகலமாக்கினாய்னு ஒரு இடத்துல வரும். ஊசி போடுறதுக்கு முன்னாடி நான் சொல்றது அதைத்தான். என் வேலைக்குன்னே எழுதி வெச்ச மாதிரி இருந்துச்சு. அன்னைக்குத்தான் திரும்ப ஜெபம் வந்துச்சு."

"அதைச் சொன்னா பயம் போயிடுமா மேடம்?"

"போகாது," என்றார். "எனக்கு இதுவரைக்கும் போனதில்ல. ஆனா கை நடுங்காம நிக்குது. உங்க கடுதாசியை நான் ஒரு மாசம் வெச்சிருக்கேன். அதுக்கு அப்புறமும் வேணும்னா குடுத்துடுறேன்."

அந்தக் கடிதத்தை நான் திரும்பக் கேட்கவில்லை. நான் மதம் மாறவும் இல்லை. கார்த்திகை சோமவாரம் தவறாமல் சிவன் கோயிலுக்குப் போகிறவன்தான் இன்றும். ஆனால் அதற்குப் பிறகு டேபிளில் படுத்திருப்பவரின் கழுத்தைப் பார்க்கும்போது, டியூப் போகுமா போகாதா என்பதோடு இன்னொன்றும் மனசில் வரும். இந்த இடத்துக்கு ஆத்துமா என்று பெயர் வைத்த மனுஷர்கள் எங்கோ இருந்திருக்கிறார்கள். அப்போது பயம் வேறு மாதிரி ஆகும். கோயில் கருவறை வாசலில் நிற்கும்போது உடம்பு தானாக ஒடுங்குமே, அந்த மாதிரி. வேர்ப்பது நிற்கவில்லை. விளக்கைப் பத்து தடவை பார்ப்பது இரண்டு தடவையாகக் குறைந்தது.

இப்படிப் பல வருஷங்கள் போயின. நான் சொல்ல வந்த கேஸ், மேடம் ஓய்வுபெற ஒன்றரை வருஷம் இருந்தபோது வந்தது.

மாகறலில் ஒரு ஓதுவார். கோயிலில் தேவாரம் பாடுகிறவர். நமசிவாயம் என்று பெயர், ஐம்பது வயதிருக்கும். கடைவாய்ப் பல்லில் வலி. பாட்டுக்குத் தடை வருமென்று பல் பிடுங்காமல் தள்ளிப்போட்டிருக்கிறார். சீழ் வைத்து, கீழே இறங்கி, தாடைக்கு அடியில் கழுத்து முழுக்கப் பரவிவிட்டது. காலை பதினொரு மணிக்கு அவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். கழுத்து பலகை மாதிரி கெட்டியாகச் சிவந்து வீங்கியிருந்தது. வாயில் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி. நாக்கு மேலே தள்ளியிருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் வழியவிட்டுக்கொண்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து வாங்கினார். படுக்க வைத்தால் அடைத்துவிடும். அந்த நிலையில் சென்னைக்கு அனுப்பினால் ஸ்ரீபெரும்புதூர் தாண்ட மாட்டார். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

காது மூக்கு தொண்டை டாக்டர் பாஸ்கர் சார் பார்த்துவிட்டு, "கழுத்துல துளை போட்டு டியூப் வெச்சுடலாம்," என்றார்.

ஓதுவாரால் பேச முடியாது. மகள் காமாட்சி கையிலிருந்த நோட்டை வாங்கி எழுதினார். 'கழுத்தை வெட்ட வேண்டாம். குரல் போய்விடும்.'

"அப்பாவுக்குப் பாட்டைத் தவிர ஒண்ணும் தெரியாது மேடம்," என்றது அந்தப் பெண். அழவில்லை. பிடிவாதமாக நின்றது.

மேடம் ஓதுவாருக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "ஐயா, மூக்கு வழியா டியூப் விட்டுப் பார்க்கிறேன். நீங்க முழிச்சுக்கிட்டே இருக்கணும். உங்க மூச்சு நிக்கக் கூடாது, அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதான் நான் வழி கண்டுபிடிப்பேன். கஷ்டமா இருக்கும். முடியலைன்னா சார் கழுத்துல துளை போடுவாரு. அதுக்கும் நீங்க சம்மதிச்சாத்தான் நான் ஆரம்பிப்பேன்."

அவர் எழுதினார். 'குரல் இருக்குமா?'

"தெரியாதுங்க ஐயா. சத்தியமா எனக்குத் தெரியாது."

ஓதுவார் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை சம்மதித்திருக்க மாட்டார். கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் ஒரு மணிக்கு தியேட்டருக்குள் கொண்டுபோனோம். டேபிளை நாற்காலி மாதிரி நிமிர்த்தி உட்கார வைத்தோம். மரக்க வைக்கும் மருந்தைப் புகையாக முகர வைத்தேன். மூக்கில் ரத்தம் வராமலிருக்க சொட்டு மருந்து, பிறகு மரக்கும் ஜெல்லி. டியூப் முரடாக இருந்தால் உள்ளே கிழிக்கும், அதனால் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு இளக வைத்தேன். மற்ற மூக்குத் துவாரத்தில் ஆக்சிஜன். பாஸ்கர் சார் கையுறை போட்டு, கழுத்தில் மருந்து தடவி, கத்தியோடு வலது பக்கம் நின்றார். ஓதுவார் கண்ணை அந்தக் கத்தியிலிருந்து எடுக்கவில்லை. நான் நகர்ந்து நடுவில் நின்றுகொண்டேன்.

மேடத்தின் மாஸ்க் ஒருமுறை அசைந்தது. டியூபின் ஒரு நுனியை மூக்கில் விட்டு, மறு நுனியில் காதை வைத்தார். மூச்சு உள்ளே இழுக்கும்போது மட்டும் கொஞ்சம் தள்ள வேண்டும். வழி சரியென்றால் சத்தம் கூடும். உணவுக்குழாய்க்குப் போய்விட்டால் சத்தம் நின்றுவிடும்.

முதல் தடவை சத்தம் நின்றது. பின்னால் இழுத்தார். இரண்டாவது தடவையும் தப்பியது. கொஞ்சம் ரத்தம் வந்தது. ஓதுவார் இருமி, திமிறி, டேபிள் கம்பியைப் பிடித்தார். ஆக்சிஜன் காட்டும் மெஷினின் 'பிப்' சத்தம் மெதுவாகக் கனத்துக்கொண்டே இறங்கியது. அந்த ஒலி இறங்கினால் ரத்தத்தில் காற்று குறைகிறது என்று அர்த்தம்.

"மேடம், போட்டுடலாமா?" என்றார் பாஸ்கர் சார்.

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவரிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் காதுக்குப் பக்கத்தில் வந்து, மூச்சு மாதிரி சொன்னார்.

"சேகர். எனக்குக் கேக்கலை. நீ கேளு."

ஒரு வருஷமாகவே அவர் எதற்கெடுத்தாலும் "என்ன சொன்னீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாஸ்க் போட்டுப் பேசுவதால் என்று நாங்கள் நினைத்திருந்தோம். இரண்டு காதும் மங்கிக்கொண்டு வந்திருக்கிறது. யாருக்கும் சொல்லவில்லை. அதை நினைத்துக் கோபப்படக்கூட அப்போது நேரமில்லை. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னை 'நீ' என்றார் என்பதுகூட வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

நான் டாக்டர் இல்லை. தப்பாகச் சொன்னால் இந்த ஆள் இங்கேயே முடிந்துவிடுவார். பாஸ்கர் சார், "ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான் டைம்," என்றார். குனிந்து டியூபின் நுனியில் காதை வைத்தேன். கண்ணை மூடினேன்.

தறி வீட்டில் பிறந்தவனுக்குக் காது பழகியிருக்கும். எங்கோ ஒரு இழை அறுந்தால் முதலில் சத்தத்தில்தான் தெரியும். ஆனால் இந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. சூடாக என் காதுக்குள் அடித்தது. ஈரமாக, கரகரவென்று, எதையோ தேடுகிற மாதிரி இழுத்தது. விட்டது. திரும்ப இழுத்தது. அதில் ஒரு பேச்சும் இல்லை, ராகமும் இல்லை. வேண்டும் என்பது மட்டும் இருந்தது.

"இருக்குது," என்றேன். மேடம் தள்ளினார். "இருக்குது... இருக்குது... கொறையுது." நிறுத்தி, கொஞ்சம் திருப்பினார். "வருது. வருது மேடம். பெருசா வருது." 'பிப்' இன்னும் இறங்கியது. கத்தி நகரும் நிழல் கண்ணிமைக்கு மேல் தெரிந்தது. "போச்சு," என்றேன். என் வாயில் உப்புக் கரித்தது. உதட்டைக் கடித்திருக்கிறேன். மேடம் ஒரு நெல் அளவு பின்னால் இழுத்தார். திரும்ப அந்தச் சூடு காதில் அடித்தது. "இங்கதான். இங்கயே. இப்போ."

ஓதுவார் மூச்சை இழுத்தார். மேடம் தள்ளினார். ஓதுவாரின் உடம்பு முழுவதும் ஒரு பெரிய இருமலில் குலுங்கியது. என் கன்னத்தில் சூடாக எச்சில் தெறித்தது. கண்ணைத் திறந்தேன். டியூபின் உள்பக்கம் பனி படிந்தது, மறைந்தது, திரும்பப் படிந்தது. மெஷினோடு இணைத்தோம். பை சுருங்கி விரிந்தது. 'பிப்' ஒவ்வொரு படியாக மேலே ஏறியது.

பாஸ்கர் சார் கத்தியைத் தட்டில் வைத்தார். மேடம் தூக்க ஊசியைப் போட்டுக்கொண்டே ஓதுவாரிடம், "முடிஞ்சுதுங்க ஐயா, தூங்குங்க," என்றார். தாடைக்கு அடியில் திறந்து சீழை எடுத்தார்கள், பல்லையும் எடுத்தார்கள். நான் பக்கத்து அறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மேடம் டிராலிக்கு எதிரில் வரவில்லை. சூப்பிரண்டெண்ட் அறையில் இருந்தார். தன் காதைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

"ஏன் மேடம் யாருக்கும் சொல்லலை?" என்று கேட்டேன். கேட்கும்போது என் குரல் உயர்ந்துவிட்டது.

"பயந்தேன்," என்றார். "இந்த வேலை இல்லாம நான் யாருன்னு பயந்தேன். நேத்து நீங்க இல்லாம வேற யாராவது நின்னிருந்தா? நான் செஞ்சது தப்பு சேகர். பெரிய தப்பு." அதன் பிறகு அவர் தியேட்டருக்குள் வரவில்லை. ஆப்பரேஷனுக்கு முன்னால் நோயாளிகளைச் சோதிக்கும் அறையில் ஒன்றரை வருஷம் உட்கார்ந்துவிட்டு ஓய்வுபெற்றார்.

ஓதுவாருக்கு ஐந்தாம் நாள் டியூபை எடுத்தோம். உயிருக்கு ஆபத்து தாண்டிவிட்டது. குரல் காற்றாக மட்டும் வந்தது. வழி தப்பிய அந்த இரண்டு தடவையில் குரல்வளையில் ஏதாவது ஆகியிருக்குமோ, 'இப்போ' என்று நான் ஒரு நொடி முன்னால் சொல்லிவிட்டேனோ என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. மூன்று மாதம் மாகறல் பக்கம் போகவில்லை. போனால் தெரிந்துவிடும் என்று பயம்.

அப்புறம் ஒரு பிரதோஷத்தன்று காமாட்சி போன் செய்தது. "அப்பா இன்னைக்குக் கோயில்ல பாடுறாரு சார். மேடத்துக்கும் சொன்னேன், அவங்களால வர முடியலையாம். நீங்களாவது வாங்க."

சாயங்காலம் போனேன். நந்திக்கு அபிஷேகம் முடிந்து கூட்டம் நின்றது. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். ஓதுவார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். தாடைக்கு அடியில் தழும்பு தெரிந்தது. வாயைத் திறந்தார். மூச்சை இழுத்தார். அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்.

முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் மேலே போகும் இடத்தில் குரல் உடைந்தது. கூட்டத்தில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓதுவார் நிறுத்தினார். திரும்ப மூச்சை வாங்கி, சுருதியைக் கீழே இறக்கி, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். கனமான, கொஞ்சம் கரகரத்த குரல். கடைசி வரை பாடினார்.

தீபாராதனை முடிந்ததும் திருநீறு எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மேல பழைய மாதிரி போகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு," என்றார். "கீழ பாடிக்கலாம். ஆண்டவனுக்கு அங்கயும் கேக்கும்."

"அன்னைக்கு ரொம்ப கஷ்டப்படுத்திட்டோம் ஐயா."

"கஷ்டத்தை விடு சார். ஒரு விஷயம் சொல்றேன், யார்கிட்டயும் சொன்னதில்ல." குரலைத் தாழ்த்தினார். "முப்பது வருஷமா பாடுறேன். சாவு பக்கத்துல வந்தா பதிகம் தானா வாயில வரும்னு நினைச்சுக்கினு இருந்தேன். ஒண்ணும் வரலை சார். ஒரு வரி வரலை. இந்த இடம் மட்டும்," கழுத்தைத் தொட்டார், "வேணும் வேணும்னு கேட்டுக்கினே இருந்தது. பாட்டு, சாமி ஒண்ணும் இல்ல. இது மட்டும் கேட்டுது. பாடுறவன்னு சொல்லிக்கவே அப்புறம் வெக்கமாப் போச்சு."

நான் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னேன். "அதுக்கு ஒரு பேரு இருக்குது ஐயா. நெஃபெஷ். யூதருங்களோட பழைய பாஷை. தொண்டைக்கும் அதான் பேரு, மூச்சுக்கும் அதான் பேரு, ஆத்துமாவுக்கும் அதான். மேடம் சொன்னாங்க."

"நெஃபெஷ்," என்று சொல்லிப் பார்த்தார். அந்தக் கரகரத்த குரலில் அது நன்றாகத்தான் இருந்தது. "எதுல வருது?"

"அவங்க சாமிப் பாட்டுல."

"மூணுத்துக்கும் ஒரே பேரா?"

"ஒரே பேரு."

ஓதுவார் கழுத்திலிருந்து கையை எடுக்காமலே சன்னதிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே மணி அடித்தது.

"அப்போ அந்தப் பேரை வெச்சவனும் பாடுறவன்தான் சார். அவனுக்கும் இந்த இடம்தான் கேட்டிருக்கும்," என்றார். என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, அடுத்த பாட்டுக்கு உள்ளே போனார்.